மூவாயிரத்து அறுநூறு ரூபாய்

2,650 என்று எழுத வேண்டிய இடத்தில் 6,250 என்று எழுதினேன். கடன் தவணை கட்ட வந்த ஒரு விவசாயியின் வரவு அது. காசாளர் எண்ணி வாங்கிய பணம் சரி. கொடுத்த ரசீது சரி. ரசீதின் அடிக்கட்டையும் சரி. ரொக்கப் புத்தகத்தில் ஏற்றிய என் கை, ஆயிரத்தின் இலக்கத்தையும் நூறின் இலக்கத்தையும் இடம் மாற்றிவிட்டது. மாலையில் கல்லாவை எண்ணியபோது இருக்க வேண்டிய தொகையில் 3,600 ரூபாய் குறைந்தது. உண்மையில் ஒரு பைசாவும் குறையவில்லை. புத்தகம்தான் 3,600 ரூபாயைக் கூட்டிச் சொன்னது.

அது 1980-களின் பிற்பகுதி. காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம். கணினி கிடையாது. கல்லாவில் ஓர் அக்கா, கணக்கெழுத நான், எங்களுக்கு மேலே செயலாளர். எழுதும்போது கை தவறுவது எந்த எழுத்தருக்கும் நேரும். அதற்காக உங்கள் முன் வந்து நிற்கவில்லை. பழி அக்கா மேல் விழுந்தது. பிழை என்னுடையதாக இருக்கும் என்று அன்று மாலையே சந்தேகப்பட்டேன். மறுநாள் காலையில் சந்தேகம் தீர்ந்தது. வாயைத் திறக்கவில்லை.

எனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதைப் பொறுத்தே என் குற்றத்தின் அளவு. ஆகவே கணக்கைச் சொல்லியாக வேண்டும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சங்கத்தின் பழைய தலைமை எழுத்தர். அணா, பை காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வருவதற்கு முன்பு பல ஆண்டுகள் பேரேடு எழுதியவர். கணக்கு டேலி ஆகாவிட்டால் அவர் முதலில் பக்கங்களைப் புரட்ட மாட்டார். வித்தியாசத் தொகையை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்பார். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஏன் ஒன்பது என்று கேட்டேன். பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று. நூறை வகுத்தாலும் ஒன்று. ஆயிரத்துக்கும் அதுவே. அதனால் ஓர் இலக்கம் எந்த இடத்தில் நின்றாலும் ஒன்பதால் வகுக்கும்போது அது விட்டுச்செல்லும் மீதி மாறாது. ஆயிரத்தில் நிற்கும் ஆறும் நூறில் நிற்கும் ஆறும் அங்கே ஒன்றுதான். ஓர் எண்ணின் இலக்கங்களை எப்படிக் கலைத்து அடுக்கினாலும் மீதி அதேதான் வரும். ஒரே மீதி வரும் இரண்டு எண்களைக் கழித்தால் வருவது ஒன்பதின் மடங்காகத்தானே இருக்க வேண்டும்?

ஆனால் ஒன்பதுக்குத் தனி மகிமை எதுவும் இல்லை என்பதையும் அவர்தான் காட்டினார். ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த காலத்தில், ரூபாயும் அணாவும் இடம் மாறினால் அவர் பதினைந்தால் வகுப்பாராம். ஆறு ரூபாய் இரண்டு அணாவை இரண்டு ரூபாய் ஆறு அணா என்று எழுதிவிட்டால் வித்தியாசம் மூன்று ரூபாய் பன்னிரண்டு அணா. அணாவாக்கினால் அறுபது. பதினைந்து நான்கு அறுபது. அணாவும் பையும் இடம் மாறினால் பதினொன்றால் வகுக்க வேண்டும், ஏனென்றால் அணாவுக்குப் பன்னிரண்டு பை. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்பதால் நெல் கணக்கிலும் பதினொன்றுதான். ஆறு கலம் இரண்டு மரக்கால் என்பது 74 மரக்கால். இரண்டு கலம் ஆறு மரக்கால் என்பது 30. வித்தியாசம் 44. மரக்காலுக்கு எட்டுப் படி என்று அளக்கும் இடத்தில் ஏழால் வகுக்க வேண்டும்: 50-லிருந்து 22 போனால் 28.

இந்த நான்கு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். பத்தடிமானத்தில் 62-லிருந்து 26 போனால் 36, அதாவது ஒன்பது நான்கு. பதினாறில் பதினைந்து நான்கு. பன்னிரண்டில் பதினொன்று நான்கு. எட்டில் ஏழு நான்கு. நான்கு என்பது ஆறுக்கும் இரண்டுக்கும் உள்ள தூரம். அது எந்த அடிமானத்திலும் மாறுவதில்லை. கூட வருவது அடிமானத்தில் ஒன்று குறைந்த எண். எட்டையே அடிமானமாகக் கொண்டு எழுதும் மக்கள் யாராவது இருந்தால், அவர்களுடைய எழுத்தர் ஏழு என்ற எண்ணை நம்பியிருப்பார். அவரை ஏழு ஏமாற்றியிருக்கும். இதைக் கேட்ட அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. எண் வேறு, அதை எழுதும் முறை வேறு என்று அன்றுதான் புரிந்தது.

இதே ஒன்பதை வைத்து அவர் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். அடிக்கட்டைகளில் உள்ள ஒவ்வொரு தொகைக்கும் இலக்கங்களைக் கூட்டி ஒன்பதுகளைத் தள்ளி, மீதிகளைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தின் பக்கக் கூட்டலுக்கும் அப்படியே செய்ய வேண்டும். இரண்டு மீதியும் ஒத்துவராவிட்டால் எங்கோ பிழை. இது நேற்று வந்த தந்திரம் அல்ல. பத்தாம் நூற்றாண்டில் இரண்டாம் ஆரியபட்டர் எழுதிய மகாசித்தாந்தத்தில் இது உண்டு. 1202-இல் பிபோனாச்சி எழுதிய லிபர் அபாசியிலும் உண்டு. சில நிமிட வேலை. நான் அதில் கைதேர்ந்தேன்.

"ஒன்பதுல ஒத்து வரலைன்னா தப்புன்னு அர்த்தம். ஒத்து வந்துட்டா சரின்னு அர்த்தமில்லடா" என்று பெரியவர் பலமுறை சொன்னார். இலக்கம் இடம் மாறியதை ஒன்பது ஒருநாளும் காட்டிக்கொடுக்காது. இடம் மாறினாலும் மீதி மாறாது என்பதால்தானே வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறது. பிழை நடந்த பிறகு துப்புக் கொடுக்கும் அதே குணம், பிழை நடக்கும்போது அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடும். ஆகவே ஒன்பது போட்ட பிறகு பதினொன்றும் போட வேண்டும் என்றார். அது அடிமானத்தைவிட ஒன்று கூடிய எண். அதற்கு இலக்கங்களை வலமிருந்து இடமாக ஒன்று விட்டு ஒன்று கூட்டியும் கழித்தும் போக வேண்டும். அங்கே இலக்கம் நிற்கும் இடத்துக்கு மதிப்பு உண்டு. 2,650-ஐப் பதினொன்றால் வகுத்தால் மீதி பத்து. 6,250-ஐ வகுத்தால் இரண்டு. ஒன்பதில் இரண்டுக்கும் மீதி நான்கு. பதினொன்றுக்கும் குறை உண்டு; நூறும் ஒன்றும் இடம் மாறினால் அதுவும் ஏமாறும். ஆனால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் மாறினால் தப்பவிடாது.

பெரியவர் ஓய்வு பெற்றுப் போனார். நான் பதினொன்றை விட்டுவிட்டேன். நேரம் பிடிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. என் எழுத்தில் பிழை வராது என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. கணக்கு எழுதி முடித்து, ஒன்பது போட்டு, பேனாவை மூடி வைக்கும்போது அலுவலகத்தில் நாலு பேர் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். பார்த்தார்கள். செயலாளர் வெளியாட்களிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த மாலைக்கு வருகிறேன். அக்கா பணத்தை எண்ணினார். மறுபடி எண்ணினார். செயலாளர் வந்து எண்ணினார். கல்லாவுக்குப் பின்னால், மேசைக்கு அடியில், குப்பைக் கூடையில் எல்லாம் தேடினார்கள். செயலாளர் ஒரு தாளில் 3,600 என்று எழுதி மேசை மேல் வைத்தார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. மூன்றும் ஆறும் ஒன்பது. கூட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் தெரிந்துவிட்டது. வயிறு கலங்கியது.

"என்னப்பா, உன் பக்கம் சரியா இருக்கா? அடிக்கட்டையை வச்சு ஒவ்வொண்ணா டிக் பண்ணிப் பாத்துடலாமா?" என்று செயலாளர் கேட்டார்.

நான் செய்ய வேண்டியதெல்லாம் "பாக்கலாம் சார்" என்று சொல்வது மட்டும்தான். அரை மணி நேரத்தில் பிழை கையில் கிடைத்திருக்கும். எல்லோரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

"ஒன்பது போட்டுப் பாத்துட்டேன் சார். அடிக்கட்டையும் புத்தகமும் ஒத்து வருது" என்றேன்.

அது பொய் இல்லை. ஒன்பது போட்டிருந்தேன். ஒத்தும் வந்திருந்தது. எந்தப் பிழையை ஒன்பது காட்டாதோ அந்தப் பிழைதான் நடந்திருக்கிறது என்று சந்தேகித்துக்கொண்டே, ஒன்பதைச் சாட்சிக்கு அழைத்தேன். அந்த அறையில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரியாதவர்கள் முன்னால் தெரிந்தவன் சொன்ன மெய் அது. பொய்யைவிடக் கேவலமானது. செயலாளர் தலையாட்டினார். டிக் பண்ணும் யோசனை அத்தோடு போயிற்று. அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, நீ நல்லா பாத்துட்டியா?" என்றார். "பாத்துட்டேன்க்கா" என்றேன்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பற்றாக்குறையைத் தன் சொந்தப் பணத்தில் ஈடுகட்டுவதாக அக்கா எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் சொன்னார். அக்காவுக்குக் கை நடுங்கியது. "நீ எழுதுப்பா, உன் கையெழுத்து நல்லா இருக்கும்" என்று என்னிடம் தாளைத் தந்தார். எழுதினேன். என் கவனக்குறைவால் ஏற்பட்ட பற்றாக்குறை என்று அக்கா சொல்வதாக நான் எழுதினேன். 6,250 என்று எழுதிய அதே பேனா. அக்கா கீழே கையெழுத்துப் போட்டார்.

இரவு வீட்டில் உட்கார்ந்து 3,600-ஐ ஒன்பதால் வகுத்தேன். நானூறு. அப்படியானால் மாறியவை ஆயிரமும் நூறும். இரண்டு இலக்கங்களுக்கும் தூரம் நான்கு. வரவில் கூட்டி எழுதியிருக்க வேண்டும், அல்லது செலவில் குறைத்து எழுதியிருக்க வேண்டும். வரவு என்றால் 40, 51, 62, 73, 84, 95 என்று தொடங்கும் தொகைகளில் ஒன்று. அன்று 62 என்று தொடங்கிய வரவு ஒன்றே ஒன்றுதான் என்று ஞாபகம் வந்தது. அந்த விவசாயியின் முகமும் ஞாபகம் வந்தது. ஆனாலும் ஒன்பதில் ஒரு தொகை தற்செயலாகவும் வகுபடும் அல்லவா, இது அப்படியாக இருக்கலாம் என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். தூங்கவும் செய்தேன்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் அடிக்கட்டைப் புத்தகத்தைப் புரட்டினேன். 2,650. அக்காவின் உருண்டையான எழுத்தில், எண்ணிலும் எழுத்திலும் தெளிவாக இருந்தது. அதை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். சற்று நேரத்தில் அக்கா வந்தார். கழுத்தில் சங்கிலி இல்லை. அடகுக் கடையில் வைத்துவிட்டுப் பணத்தோடு வந்திருந்தார். அவருடைய மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல் அந்தத் தொகை. நோட்டுகளை என் முன்னால்தான் எண்ணினார். நான் அதை வரவு வைத்தேன். இலக்கம் இடம் மாறாமல் எழுதினேன்.

ஏன் சொல்லவில்லை? பயம் என்று சொன்னால் நீங்கள் கொஞ்சம் இரங்குவீர்கள். பயமும் இருந்தது. முந்தின மாலை சொல்லியிருந்தால் அது கைப்பிழை. காலையில் சொன்னால், ஏன் டிக் பண்ண விடவில்லை என்று கேட்பார்கள். நாள் போகப் போகச் சொல்வது கடினமானது. ஆனால் முதல் காரணம் அகம்பாவம். பிழையே செய்யாதவன் என்று நான் கட்டி வைத்திருந்த பெயர். அந்தப் பெயருக்கு அக்காவின் சங்கிலியை விலையாகக் கொடுத்தேன்.

அக்காவுக்குப் போனது சங்கிலி மட்டுமில்லை. ஊரில் பேச்சு எழுந்தது. கல்லாவில் கை வைத்தவள் என்று முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. பணம் கட்ட வந்தவர்கள் ரசீதை வாங்கி அவர் எதிரிலேயே இருமுறை படித்துப் பார்த்தார்கள். அவருடைய வீட்டில் அந்தப் பணம் எங்கே போனது என்று கேட்டார்கள். எங்கே போனது என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு கட்டையும் மூன்று தடவை எண்ணத் தொடங்கினார். வரிசை நீண்டது. உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள். தன் கண்ணையும் தன் விரலையும் அவர் நம்பாமல் போனார். நான் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆண்டுத் தணிக்கை வந்தது. கடன் நிலுவையைச் சரிபார்க்கச் சொல்லி உறுப்பினர்களுக்குச் சீட்டு அனுப்பினார்கள். ரொக்கப் புத்தகத்திலிருந்து அந்த 6,250-ஐப் பேரேட்டிலும் நானே ஏற்றியிருந்தேன். அந்த விவசாயிக்கு 3,600 ரூபாய் கடன் குறைந்திருந்தது. அவர் பேசாமல் இருந்திருந்தால் அது அவருக்கு லாபம். ரசீதை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். "நான் கட்டினது இவ்வளவுதாங்க, நீங்க அதிகமா எழுதியிருக்கீங்க" என்று தணிக்கையாளரிடம் நீட்டினார். தன் கடனைக் கூட்டிக்கொள்ள வந்தவரின் முன்னால் நான் நின்றேன்.

எழுத்துப் பிழை என்று முடித்தார்கள். அக்காவின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடகு வட்டியை யாரும் கொடுக்கவில்லை. நான் அதிர்ந்தவன் போல நடித்தேன். "நானே கவனிக்கலையேக்கா" என்றேன். "பரவால்ல தம்பி, யாருக்கும் வர்றதுதானே" என்றார். அவர் மன்னித்தது என் கைப்பிழையை. அதற்கு மன்னிப்பே தேவையில்லை. மற்றது அவருக்குத் தெரியாது.

ஓய்வுக்குப் பிறகு இந்த எண்களைப் பற்றி நிறையப் படித்தேன். மனிதன் எழுதும்போது பக்கத்து இலக்கங்களை மாற்றிப் போடுவான் என்பதை எதிர்பார்த்தே இன்றைய எண்களை அமைத்திருக்கிறார்கள். பழைய பத்து இலக்கப் புத்தக எண், அதாவது ஐஎஸ்பிஎன், பதினொன்றை நம்பியது. பதினொன்றில் பத்தும் ஒரு மீதியாக வரும். பத்துக்கு ஓர் இலக்கம் இல்லாததால் எக்ஸ் என்ற எழுத்தைப் போட்டார்கள். 2007-இல் பதின்மூன்று இலக்கமாகி, சோதனை பத்துக்கு மாறியபோது, இரண்டும் ஏழும் போல ஐந்து தூரமுள்ள இலக்கங்கள் பக்கத்தில் நின்று இடம் மாறினால் அகப்படாமல் போயிற்று. நெதர்லாந்தைச் சேர்ந்த வெர்ஹோஃப் 1969-இல் வேறு வழி கண்டார். சாதாரணக் கூட்டலில் இரண்டும் ஆறும் எட்டு. ஆறும் இரண்டும் எட்டு. வரிசையைக் கூட்டல் மறந்துவிடுகிறது. வரிசை மாறினால் விடையும் மாறக்கூடிய ஒரு செயலை அவர் கூட்டலுக்குப் பதிலாக எடுத்துக்கொண்டார். நம் ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் அவருடைய முறையில் வருவது. பக்கத்து இலக்கங்கள் எவை மாறினாலும் அது பிடித்துவிடும். படிக்கப் படிக்கப் பரவசமாக இருந்தது. கூடவே, பெரியவர் சொன்ன பதினொன்றை ஒரு மாலை போட்டிருந்தால் போதுமே என்பதும் மனத்தை விடவில்லை.

அதுகூட என்னை நானே தேற்றிக்கொள்ளும் பேச்சு. பதினொன்று போட்டுப் பிழை தெரிந்திருந்தால் உடனே சொல்லியிருப்பேனா? மறுநாள் காலையில் அடிக்கட்டை கையில் இருந்தபோதே சொல்லவில்லையே.

அக்காவிடம் இதைச் சொன்னேனா என்று கேட்பீர்கள். இல்லை. இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இங்கே சொன்னது எல்லாம் அதில் இருக்கிறது. பதில் எதிர்பார்க்கும் உரிமை எனக்கில்லை.

நான் இதுவரை சொல்லாதது இன்னும் ஒன்று இருக்கிறது. பற்றாக்குறை நடந்த அடுத்த மாதமே அக்காவைக் கல்லாவிலிருந்து எடுத்து வைப்புத்தொகைப் பேரேட்டில் போட்டார்கள். கல்லாவுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று என்னை உட்கார வைத்தார்கள். தணிக்கையில் உண்மை வெளிவந்த பிறகு, அந்த இடத்தை அவருக்கே திருப்பிக் கொடுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காசாளர் படி என்று மாதாமாதம் சம்பளத்தோடு ஒரு தொகை வரும். ஓய்வு பெறும் வரை அதை வாங்கினேன்.